கண்ணாடிக்கு எதிரே ஒரு யப்பான்காரி

பிள்ளைகளே, வாசல் நடையில் நீங்கள் ஜக்கெற் கொழுவுகிற இடத்துக்கு மேலே ஒரு யப்பான்காரியின் படம் தொங்குகிறதே, அதைப் பற்றி நீங்கள் மூன்று பேரும் வேறு வேறு காலத்தில் கேட்டிருக்கிறீர்கள். மூத்தவள் தமிழில் கேட்டாள். மற்ற இருவரும் டெனிஸ் மொழியில் கேட்டீர்கள். "அம்மாவைக் கேளுங்கோ" என்று நான் சொன்னேன். அம்மா, "கொப்பாவைக் கேளுங்கோ, அது அவரின்ரை ஆள்" என்று சிரித்தா. அதோடு விட்டுவிட்டீர்கள். வேலையால் வந்தால் எனக்கு வாயைத் திறக்கவே அலுப்பு. அதனால் எழுதுகிறேன். நான் கனக்கப் படிக்காதவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் இந்த நாட்டுக்குத் தனியாக வந்து சில்க்போர்க் நகரில் இருந்தேன். மூத்தவள் அம்மாவோடு ஊரில். மற்ற இருவரும் பிறக்கவில்லை. என்னை அகதியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடச் சட்டத்தில் இடம் உண்டு என்றார்கள். விண்ணப்பம் கொடுத்தேன். பிறகு காத்திருந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அலுவலகத்துக்குப் போன் எடுத்தால் "உங்கள் முறை இன்னும் வரவில்லை" என்பார்கள். குரல் மாறும், சொல் மாறாது. கடைசியில் அந்தக் குரல்களோடு கோபிக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லாமல் போயிற்று.

ஊரிலிருந்து அம்மா ஒரே படத்தின் இரண்டு பிரதி அனுப்பியிருந்தா. ஸ்டூடியோவில் எடுத்தது. தோள் வரைக்கும் தெரிகிற படம். ஒன்றை விண்ணப்பத்தோடு கொடுத்தேன். மற்றதை என் கட்டிலுக்கு அருகே சுவரில் ஒட்டி வைத்தேன். எழும்பும்போதும் படுக்கும்போதும் அதுதான் கண்ணில் படும். பொலிஸில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தபோது, மனைவிக்கு உடம்பில் ஏதும் அடையாளம் உண்டா என்று கேட்டார்கள். யோசிக்கவே இல்லை. "வலக் கன்னத்தில் மச்சம்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் சொல்ல, அந்த அதிகாரி தட்டச்சில் அடித்தார்.

அதற்குப் பிறகு ஒரு குளிர்காலத்தில் அம்மாவிடமிருந்து கசெற் வந்தது. அந்த நாளில் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி, வருகிறவர்களிடம் கொடுத்து விடுவார்கள். அதில் அம்மா சொன்னா: "இஞ்சை பாருங்கோ, உங்கடை விண்ணப்பத்துக்கெண்டு கொழும்புக்குக் கூப்பிட்டு விசாரிச்சவை. அடையாளம் ஏதும் இருக்கோ எண்டு கேட்டினம். இடக் கன்னத்து மச்சத்தைச் சொன்னன். வேறை என்னத்தைச் சொல்ல." பின்னால் மூத்தவள் இருமுகிற சத்தம் கேட்டது.

நான் கசெற்றை நிற்பாட்டிவிட்டுச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தேன். மச்சம் வலக் கன்னத்தில்.

அந்த வீட்டில் என்னோடு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். இங்கே ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற இடத்தில் வேலை. மற்றவன் மன்னார்க்காரன், கத்தோலிக்கன், கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. குசினி மேசையில் படத்தை வைத்து விஷயத்தைச் சொன்னேன். கொண்டக்டர் அண்ணை அதை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"வலது."

"ஆற்றை வலது அண்ணை? உங்கடை வலதோ, அவவின்ரை வலதோ?" என்று மன்னார்க்காரன் கேட்டான்.

"அவவின்ரை வலதுதான்ரா."

"அப்ப ஏன் அவ இடது எண்டு சொல்லுறா?"

"கண்ணாடியிலை பாத்துப் பாத்து மாறிப் போச்சுதாக்கும். கண்ணாடி எல்லாத்தையும் மாத்திக் காட்டுமெல்லோ."

"அண்ணை, கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு இடக் கன்னத்தைச் சொறிஞ்சு பாருங்கோ. எந்தக் கன்னம் சொறியுது எண்டு வந்து சொல்லுங்கோ."

அண்ணை உண்மையாகவே எழும்பிக் குளியலறைக்குப் போனார். திரும்பி வந்து, "ஓம், இடதுதான் சொறியுது" என்று ஒத்துக்கொண்டு இருந்தார்.

மன்னார்க்காரன் என்னைப் பார்த்தான். "மச்சான், கோவிக்காதை. நீ கலியாணம் கட்டினது ஆரை? வடிவா யோசிச்சுச் சொல்லு."

சிரித்தோம். அண்ணைக்கு அதோடு விட மனமில்லை. "பொம்பிளைக்கு இடப்பக்கம் மச்சம் எண்டால் யோகம். வலப்பக்கம் எண்டால் புருசன் கடல் கடந்து இருப்பான்."

"உந்தப் பலன் எங்கடை வேதத்திலை செல்லாது அண்ணை. என்ரை மனிசிக்கு முகத்திலை ஒரு மச்சமும் இல்லை. அவவும் அங்கைதான் நிக்கிறா."

அண்ணை எழும்பி முட்டை பொரிக்கத் தொடங்கினார்.

எனக்கு அன்றைக்குப் பயம் பிடித்தது. கொடுத்த படத்தில் மச்சம் வலது. நான் சொன்னதும் வலது. நேரில் வந்தவள் சொன்னது இடது. அப்படியென்றால் படத்தில் இருப்பவள் ஒருத்தி, கொழும்புக்கு வந்தவள் வேறொருத்தி என்றுதானே அவர்கள் நினைப்பார்கள்? அதனால்தான் எங்கள் முறை வரவில்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். இதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. படத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணை மூடி, அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். கிணற்றடியில், அடுப்படியில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறபடி, எப்படி நினைத்தாலும் உடம்பு வந்தது, முகம் வரவில்லை. முகத்துக்குப் பதிலாக அந்த ஸ்டூடியோப் படமே வந்து ஒட்டிக்கொண்டது. மச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்க எனக்குள் அந்த முகமே இல்லை.

இனி யப்பான்காரிக்கு வருகிறேன்.

நான் வேலை செய்தது படங்களுக்குச் சட்டம் போடுகிற சின்னப் பட்டறையில். முதலாளி என் வயதுக்காரர், சிவந்த தாடி, அதிகம் பேசமாட்டார். என் வேலை கண்ணாடி துடைப்பதும், மட்டை வெட்டுவதும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே யன்னல் மாதிரி வெட்டி வைக்கிற மட்டை. கத்தியைச் சரித்துப் பிடித்து ஒரே இழுவையில் இழுக்க வேண்டும். நடுவில் நின்றால் மூலை பிய்ந்து போகும். அந்தக் குளிர்காலத்தில் எனக்கு மூலைகள் நிறையப் பிய்ந்தன. முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார். பிய்ந்த மட்டையை எடுத்துச் சின்னப் படத்துக்கு வெட்டச் சொல்லுவார்.

அப்போதுதான் ஒரு பல் வைத்தியர், பெண், தகப்பன் விட்டுப்போன யப்பான் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். மரப் பலகையில் செதுக்கி, நிறம் பூசி, தாளில் ஒற்றி எடுத்தவை. எல்லாம் பெண்கள். பெண்களின் வடிவைக் காட்டுவதற்கென்றே அந்தக் காலத்தில் அடித்து விற்றார்களாம். ஒருத்தி தலை முழுகி ஈரத்தோடு நிற்கிறாள். ஒருத்தி நுளம்பு வலைக்குள்ளிருந்து பாதி வெளியே வந்து எதையோ பார்க்கிறாள். ஒருத்தி குனிந்து பின்கழுத்துக்கு வெள்ளை மா பூசுகிறாள். கால் விரல் ஒன்று மட்டும் துணிக்கு வெளியே தெரிகிறபடி ஒருத்தி இருக்கிறாள். நான் முதலில் முகங்களைத்தான் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அலுத்துப்போயிற்று. எல்லாருக்கும் ஒரே நீள முகம். ஒரு கோட்டில் மூக்கு. கண் என்று கீறின இரண்டு கீறல். வாய் ஒரு மிளகாய் விதை அளவு.

படங்களைப் பார்க்க அந்தப் பல் வைத்தியர் வந்த நாளில், என் அரைகுறை டெனிஸில் சொன்னேன்: "எல்லாம் ஒரே ஆள்."

அவர் சிரித்தார். "என் அம்மாவும் அதைத்தான் சொல்லுவா. ஒரே பெண்ணையே எத்தனை தரம் வாங்குவாய் என்று அப்பாவோடு சண்டை."

"அப்ப ஏன் வாங்கினார்?"

"முகத்தைப் பார்க்காதே. முகம் எல்லாருக்கும் பொது. வாங்குகிறவன் இப்படித்தான் முகம் வேண்டும் என்பான், கீறுகிறவன் கீறிக் கொடுப்பான். ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் துணியைப் பார். சீப்பைப் பார். கழுத்துப் பட்டை எப்படி விழுகிறது என்று பார்." கலியாணம் கட்டினவள், கட்டாதவள், கடைக்காரன் மகள், விலைக்கு வாங்கி வீட்டில் வைத்திருக்கிறவள், எல்லாம் துணியில் தெரியும் என்றார். பிறகு, பின்கழுத்துக்கு மா பூசுகிறவளைக் காட்டி, "இவள் அப்படி விற்கப்பட்டவள். களைத்துப்போய் இருப்பாள். அது மட்டும் படத்தில் வராது" என்றார்.

எனக்கு அது பிடித்துக்கொண்டது. கண்ணாடி துடைக்கிறபோது துணிகளைப் பார்க்கப் பழகினேன். இலை, அலை, விசிறி, மழைக் கோடு. ஒவ்வொருத்தியும் வேறு ஆளானாள். வேலை அலுப்பும் கொஞ்சம் குறைந்தது.

அந்தப் படக் கட்டின் கடைசிப் படம் பழையது இல்லை. எங்கோ கடையில் வாங்கின, இந்தக் காலத்து இயந்திரத்தில் அடித்த படம். கைக்கண்ணாடி பிடித்துக்கொண்டு இருக்கிற ஒருத்தி. நான் அதற்கும் மட்டை வெட்டிச் சட்டம் போட்டு வைத்திருந்தேன். பல் வைத்தியர் எடுத்துப்போக வந்தபோது அதைக் கையில் தூக்கி, உடனே கீழே வைத்தார்.

"இதை நான் வீட்டில் மாட்டமாட்டேன்."

பிய்ந்திருக்கிறதோ என்று மட்டையின் நாலு மூலையையும் பார்த்தேன். முதலாளியும் எழும்பி வந்தார்.

"சட்டத்தில் பிழை இல்லை," என்றார் பல் வைத்தியர். "கழுத்தைப் பாருங்கள். உடுப்பின் இடப்பக்கம் மேலே வர வேண்டும். எல்லாப் படத்திலும் அப்படித்தான். இவளுக்கு வலப்பக்கம் மேலே வந்திருக்கிறது. அது செத்த ஆளுக்கு உடுத்துகிற முறை."

முதலாளி குனிந்து பார்த்துவிட்டுத் தாடியைச் சொறிந்தார். "அச்சடித்தவன் பிலிமைப் புரட்டிப் போட்டிருக்கிறான். அவ்வளவுதான். படம் முழுக்க இடம் வலம் மாறிவிட்டது. எழுத்தும் மாறித்தான் இருக்கும். இங்கே யாருக்கு அது வாசிக்கத் தெரியும்?"

பல் வைத்தியர் மற்றப் படங்களோடு போய்விட்டார். அது மேசையில் கிடந்தது. நான் கத்தியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். பிலிமைப் புரட்டிப் போட்டால் இடம் வலம் மாறும். இது ஒரு பெரிய கண்டுபிடிப்பா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அன்றைக்குப் பெரியதுதான்.

வீட்டுக்குப் போய் ஜக்கெற்றைக் கழற்றாமலே சுவரிலிருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தேன்.

சேலைத் தலைப்பு வலத் தோளில் கிடந்தது.

பிள்ளைகளே, எங்கள் பெண்கள் சேலைத் தலைப்பை இடத் தோளில்தான் போடுவார்கள். அது ஊரில் எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தாயின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் படத்தைத் தினமும் பார்த்த நானும், யன்னலில் பிடித்துப் பார்த்த அண்ணையும், பகிடி விட்ட மன்னார்க்காரனும், மூன்று தமிழ் ஆம்பிளைகள், ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. மச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"அண்ணை! சேலையைப் பாருங்கோ!"

அண்ணை கையில் கரண்டியோடு வந்தார். பார்த்தார். "அடக் கடவுளே" என்றார். பிறகு, "உவன் ஸ்டூடியோக்காரன்!" என்று ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அதை எழுதமாட்டேன்.

படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். தலைப்பு இடத் தோளுக்கு வந்தது. மச்சம் இடக் கன்னத்துக்கு வந்தது. வகிடும் மற்றப் பக்கத்துக்கு மாறியது. அது அம்மா. ஸ்டூடியோக்காரன் பென்சிலால் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை அழித்திருந்தான், கன்னத்தைக் கொழுக்க வைத்திருந்தான், ஆனாலும் அது அம்மாதான். மன்னார்க்காரன் கதவைத் தட்டி, "மச்சான், வேலைக்குப் போக வேணும், குடும்பம் நடத்தினது காணும், வெளியாலை வா" என்றான்.

அடுத்த கிழமை வேலையில் லீவு கேட்டு, படத்தையும் ஒரு சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனேன். மேசையில் இருந்த பெண்ணிடம் படத்தைக் கண்ணாடியில் காட்டி, சேலை, தோள், பிலிம், மச்சம் என்று எனக்குத் தெரிந்த டெனிஸ் முழுவதையும் செலவழித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "எனக்கு விளங்குகிறது" என்றார். "ஆனால் உங்கள் பைல் இங்கே இல்லை. அது மேலே போய்விட்டது. அங்கேயும் இப்போது எடுக்கமாட்டார்கள்."

"மச்சத்தாலையோ?"

"என்ன மச்சத்தால்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் இல்லை. ஒரு துண்டில் "இடது" என்று எழுதி வைத்துக்கொண்டார். நான் கண்ணாடியைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வந்தேன். வெளியே ஏரி உறைந்து கிடந்தது. பஸ்ஸுக்கு நிற்கவும் மனமில்லை, நடக்கவும் மனமில்லை.

உண்மை பிறகுதான் வெளியே வந்தது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் வழக்கு என்று படித்திருப்பீர்கள். எங்கள் ஆட்களின் குடும்பங்களைக் கூப்பிடுகிற விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கும்படி மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். சட்டம் ஒன்று, நடந்தது ஒன்று. அதனால் ஒரு அரசாங்கமே விலக வேண்டி வந்தது. செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நாங்கள் மூன்று பேரும் பழைய வீட்டுக் குசினியில் திரும்பவும் கூடியிருந்தோம். கைதட்டவில்லை, கத்தவுமில்லை. மன்னார்க்காரன் மட்டும் சொன்னான்: "உன்ரை மச்சமும் இல்லை, எனக்கு மச்சமில்லாததும் இல்லை. ஒருத்தரும் பைலைத் திறக்கவே இல்லை." பிறகு தேத்தண்ணி போட எழும்பினான்.

ஆனால் அம்மா அந்தச் செய்திக்கு முன்னமே வந்துவிட்டா. பைல்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கிய காலத்தில் எங்களுக்கும் அனுமதி வந்தது. கஸ்ட்ரப் விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மூத்தவள் பெரிய பிள்ளையாக, ஒருவரையும் பார்க்காமல் வந்தாள். அம்மா பின்னால். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, இரண்டு நாள் நித்திரை இல்லாமல். நான் முதலில் இடக் கன்னத்தைப் பார்த்தேன். மச்சம் இருந்தது. பிறகுதான் மற்றதைப் பார்த்தேன்.

"என்ன அப்பிடிப் பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை."

கோப்பன்ஹேகனிலிருந்து ரயிலில் வருகிறபோது, மூத்தவள் என் மடியில் படுக்கமாட்டேன் என்று தாயின் மடியில் நித்திரையானாள். நான் ஸ்டூடியோப் படத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். சேலை என்று சொன்னதுமே அம்மா கையைக் காட்டி நிற்பாட்டினா.

"அது எனக்குத் தெரியும். படம் வாங்கேக்கையே கண்டிட்டன். தலைப்பு மற்றத் தோளிலை கிடக்கு, திருப்பி அடிச்சுத் தா எண்டு கேட்டன். கரண்ட் இல்லை, சந்தியிலை ஆமி நிக்கிறான், அங்கை வெள்ளைக்காரனுக்கு உது விளங்காது எண்டான்."

"எனக்கு எழுதியிருக்கலாமே?"

"நீங்கள் கவனிப்பியள் எண்டு நினைச்சன்."

கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னா. யன்னலுக்கு வெளியே வயல் வயலாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவும் நித்திரையாகிவிட்டா. வாய் கொஞ்சம் திறந்து, தலை கண்ணாடியில் இடித்து இடித்து. அப்படி ஒரு பெண்ணை அந்தப் படங்களில் ஒருவனும் கீறவில்லை. நான் சில்க்போர்க் வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கொம்யூன் என்கிற நகரசபை எங்களுக்கென்று வீடு கொடுத்த பிறகு, முதலாளி அந்தப் புரண்ட யப்பான்காரியை எனக்குச் சட்டத்தோடு தந்தார். பல் வைத்தியர் வேண்டாம் என்றுவிட்டார், எறிய மனமில்லை. அம்மாவுக்கு நான் கழுத்துப் பட்டையின் கதையைச் சொன்னேன். "செத்தவளைக் கொண்டந்து வீட்டிலை வைக்கப் போறியளோ?" என்று கேட்டா. கொஞ்ச நாள் அது அலுமாரிக்குப் பின்னால் இருந்தது.

ஒரு நாள் அம்மா மொழிப் பாடசாலைக்குப் போயிருந்தா, மூத்தவள் பள்ளிக்கூடம். எனக்குப் பின்னேர வேலை. படத்தை எடுத்தேன். பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றி, அம்மாவின் ஸ்டூடியோப் படத்தை யப்பான்காரிக்குப் பின்னால் வைத்து, திரும்பவும் அடித்து மூடினேன். வாசல் நடையில் முகம் பார்க்கிற கண்ணாடி இருந்த சுவருக்கு நேர் எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். பிறகு திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். என் தோளுக்கு மேலாக அவள் தெரிந்தாள். உடுப்பின் இடப்பக்கம் மேலே வந்திருந்தது. படம் சற்றுச் சரிந்திருந்தது. அதை விரலால் நேராக்கிவிட்டு, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.